துணிக்குப் பின்பக்கம்

சத்தம் வரக்கூடாதாம். மிக்ஸி போடக்கூடாது, புகையை இழுக்கிற விசிறியைப் போடக்கூடாது, குழாயைத் திறந்தால் தண்ணீர் தொட்டியில் விழுகிற ஓசை மைக்கில் ஏறிவிடும் என்பதால் கையைக்கூட வாளிக்குள் விட்டுத்தான் கழுவ வேண்டும், ஆனால் பேட்டி முடிகிற நேரத்துக்குப் பஜ்ஜி மட்டும் சுடச்சுட வந்துவிட வேண்டும். காய்ந்த எண்ணெயில் வாழைக்காய் விழுந்தால் அது என்ன மௌன விரதமா இருக்கும்? இதையெல்லாம் யோசிக்க என் அண்ணன் ஞானசேகரனுக்கு ஏது நேரம். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன், ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட மணியடித்துக் கேட்டே பழகியவன். மனசுக்குள்தான் இந்த அவன் இவன் எல்லாம். வாயைத் திறந்தால் அண்ணா, வாங்க, போங்கதான் வரும், எங்கள் கோயமுத்தூர் வளர்ப்பு அப்படி. அண்ணி பெண்ணைப் பார்க்கப் புனேவுக்குப் போயிருக்கிறாள். "அம்மிணி, யூட்யூப்ல இருந்து ஒரு புள்ள பேட்டி எடுக்க வருது, நீ வந்து பலகாரத்தப் பாத்துக்க" என்று காலையில் போன் பண்ணினான். என்ன பேட்டி என்று கேட்டேன். "சும்மா, பழைய சினிமா பத்தி" என்றான். சும்மாவாம். வந்து பார்த்தால் ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு, இரண்டு ஸ்டாண்டில் இரண்டு செல்போன், குடை கவிழ்த்த மாதிரி ஒரு விளக்கு, நடுவில் தலையில் பழுப்புத் தொப்பியோடு என் அண்ணன். ஊட்டியில் வாங்கிய தொப்பி. மலைரயில் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த நாள் பரணில் எறிகிற தொப்பி. அதை மாட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கௌபாய் படங்களின் தீவிர ரசிகர் ஞானசேகரன் பேசப் போகிறாராம். நான் கத்தியை எடுத்து வாழைக்காயைச் சீவ ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் பெயர் சஹானா. நல்ல பெண்தான். வந்ததும் எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் ஒத்தாசை பண்ணட்டுங்களா ஆன்ட்டி" என்று கேட்டது. "அவ பாத்துக்குவா, நீங்க வாங்க அம்மிணி" என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டான், எங்கள் பக்கத்தில் பெண் என்றால் எல்லாருமே அம்மிணிதான். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான், அதையும் இழுத்துவிட்டுப் போனான், சமையலறை படத்தில் தெரிந்தால் நன்றாக இருக்காதாம். அந்தப் பெண் கேட்கிறாள், "சார், உங்களுக்கு ரொம்ப ரொம்பப் புடிச்ச வெஸ்டர்ன் படம் எதுங்க?" அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு இங்கிலீஷ் பெயரைச் சொல்கிறான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நாங்க அப்ப அதைக் கிணத்துக்காரன் படம்னுதான் சொல்லுவோம்" என்கிறான். கத்தி கட்டைவிரல் நகத்தில் இடித்து நின்றது. நாங்களா? யார் அந்த நாங்க? கிணத்துக்காரன் என்று பெயர் வைத்தது நான். போத்தனூர் ரயில்வே காலனி மைதானத்தில், இருட்டினதும் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி இங்கிலீஷ் படம் போடுவார்கள். ரயில்வே கிளப் மெம்பர்களுக்கு முன்பக்கம் இரும்பு நாற்காலி. மெம்பர் ஒருத்தர் தன்னோடு ஒரு ஆளைக் கூட்டி வரலாம். அப்பா லோகோ ஷெட்டில் பிட்டர், அவர் கூட்டிப் போகிற அந்த ஒரு ஆள் எப்போதும் அண்ணன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குத் துப்பாக்கிப் படம் என்பாள் அம்மா. மெம்பர் இல்லாத வீட்டுச் சனமும் என்னை மாதிரி நாற்காலி கிடைக்காததுகளும் துணிக்குப் பின்பக்கம், சாக்கடையை ஒட்டி, கோணிச்சாக்கு விரித்து உட்கார்ந்து பார்ப்போம். பின்பக்கமும் படம் தெரியும். ஆனால் எல்லாம் திரும்பித் தெரியும். எழுத்து திரும்பியிருக்கும், அதனால் பெயரைப் படிக்க வழியில்லை, அதனால் நானே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். காற்றடித்தால் துணி உப்பும், குதிரைக்குக் கர்ப்பம் வந்த மாதிரி இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன். நான் பார்க்கிற பக்கத்தில் படத்து ஆட்கள் எல்லாருமே இடது கைக்காரர்கள். கை குலுக்குவது இடது, கரண்டி பிடிப்பது இடது, துப்பாக்கி தொங்குவது இடது இடுப்பில். வெள்ளைக்காரன் பழக்கம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சந்தேகம் வந்து துணியைச் சுற்றி ஓடி முன்பக்கம் எட்டிப் பார்த்தேன், வாட்ச்மேன் காதைத் திருகித் திருப்பி அனுப்பினான், ஆனால் அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. என் கிணத்துக்காரன் இடது கையால்தான் சுடுவான். முன்பக்கத்துக்காரர்கள் என்னவோ பார்த்துவிட்டுப் போகட்டும்.

எண்ணெயில் ஒரு சொட்டு மாவு விட்டுப் பார்த்தேன், இன்னும் காயவில்லை. "மழையே இல்லாத ஊருங்க அது" என்று அண்ணன் சொல்கிறான். "மம்மட்டியோட ஒருத்தன் வர்றான். இடுப்புல துப்பாக்கி, ஆனா அதைத் துணியில சுத்தி வெச்சிருக்கான்." சொல்லு, சொல்லு. நான் சொன்னதை ஒரு வார்த்தை சிந்தாமல் சொல்லு. சின்ன வயசிலும் இப்படித்தான். படம் பார்த்த மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பிப்பார், "சொல்றா, நேத்து என்ன கதை?" அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. பையனுக்கு முழுசாக வர வேண்டும், படம் பார்த்துப் பேசிப் பழகி ஆபீசராக வேண்டும் என்று ஆசை. கதை வரவில்லை என்றால் இடுப்பு பெல்ட் வெளியே வரும். இவனுக்கோ முதல் துப்பாக்கி வெடித்ததுமே பயம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்பா தோளில் சாய்ந்தால் படம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போதுதான் கண்ணைத் திறப்பான். அப்பா படத்தைப் பார்ப்பாரா, இவன் கண்ணைப் பார்ப்பாரா? விடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அம்மிணி, என்னாச்சுன்னு சொல்லு" என்று அழாத குறையாக நிற்பான். சொல்வேன். எனக்கு மட்டும் இங்கிலீஷா தெரியும்? முகத்தைப் பார்த்து, குதிரை போகிற வேகத்தைப் பார்த்து, யார் கதவைச் சாத்துகிறார்கள் என்று பார்த்து நானே வசனம் எழுதுவேன். அதை அப்பாவிடம் அவன் ஒப்பிப்பான். நடுவில் முட்டிக்கொண்டு நின்றால் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். நான் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்று கையால் காட்டுவேன், இரண்டு விரல் நீட்டினால் துப்பாக்கி, மணிக்கட்டில் தட்டினால் குதிரை, நாக்கை வெளியே தள்ளினால் ஆள் காலி. "என்ற பையன் கெட்டிக்காரன்" என்று அப்பா அவன் முதுகில் தட்டுவார். அவனை டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் காலனிப் பள்ளிக்கூடத்தில் படித்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். போகட்டும். அவன் பெல்ட்டடி வாங்கக்கூடாது என்று நானாகக் கொடுத்தது அது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவள் இல்லை நான். ஆனால் இப்போது யார் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் இவனுக்கு?

ஓய்வு பெற்றதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ண ஆரம்பித்தானே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குப் பேச ஆளில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அப்புறம், "அம்மிணி, அந்தக் கோழிக்காரி படம் ஞாபகமிருக்குதா? கடைசில என்ன பண்ணுனா அவ?" என்பான். ஞாபகமில்லாமல் போகுமா? முழங்கால் வலியை மறந்து வீட்டுக்குள் நடந்து நடந்து சொன்னேன். தொப்பியின் விளிம்பில் புழுதி நின்றதைச் சொன்னேன். பக்கத்து லைனில் ரயில் கூவினபோது துணிக்குள் இருந்த குதிரை மிரண்ட மாதிரி இருந்ததைச் சொன்னேன். அவன் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எத்தனை பொறுமை என்று பூரித்துப் போனேன். வயசானால் கூடப்பிறந்தவள் நினைப்பு வருமாக்கும், பாசம் வந்துவிட்டது என் அண்ணனுக்கு என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குளித்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வெட்கக்கேடு. பக்கத்து வீட்டு மல்லிகா செல்போனை நீட்டி, "உங்கண்ணன் என்ன அருமையா எழுதறாருங் அக்கா" என்று காட்டினபோதுதான் தெரிந்தது. அந்த ம், ம் எல்லாம் நெட்டில் போடுவதற்காக எழுதிக்கொண்டிருந்த சத்தம். என் கதை, என் பெயர்கள், சாக்கடை நாற்றத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சமெல்லாம் அப்படியே. அடியில் எத்தனை பேர் கைதட்டல், எத்தனை பேர் சார், நீங்கள் பொக்கிஷம் சார். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன், அடுத்த வாரமும் கூப்பிட்டான், அடுத்த வாரமும் சொன்னேன். எழுத்தாவது நாலு பேர் படித்துவிட்டு மறப்பார்கள். இது வீடியோ. அவன் முகத்தோடு, அவன் குரலோடு, என் படமெல்லாம் போய் ஏறிவிடும். அதற்கப்புறம் நான் யாரிடமாவது கிணத்துக்காரன் என்று வாயெடுத்தால், அது உங்கண்ணன் சொன்னதுதானே என்பார்கள். பயமாக இருக்கிறது எனக்கு, பொய் சொல்வானேன். இருட்டில் சாக்கடையோரம் பாம்புக்குக்கூடப் பயப்படாமல் உட்கார்ந்து பார்த்தவள், இப்போது இந்தத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு பயப்படுகிறேன். நான் பார்த்தேன் என்பதே இல்லாமல் போய்விடும். கல்யாணம், வேலை, சமையல் எல்லாம் எல்லாருக்கும் இருப்பது. இந்தப் படங்கள்தான் எனக்கே எனக்கு இருப்பது.

எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் பஜ்ஜியை ஓரமாக, வழுக்கினாற்போல விட்டேன், அது கேட்குமா, சொரேல் என்றது. ஹாலில் பேச்சு நின்றது. "அம்மிணி!" என்று அங்கிருந்து ஒரு அதட்டல். அடுப்பைச் சிறிதாக்கினேன். மேலே போக வழியில்லாமல் புகை என் முகத்திலேயே வந்து படிந்தது, தொண்டை கமறியது, இருமினால் அதற்கும் ஒரு அம்மிணி வரும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால்தான். "கோழிக்காரின்னு ஒரு படங்க" என்று தொடர்ந்தான். "அதுல ஹீரோவோட சம்சாரம். வில்லனுங்க வர்றப்ப பயந்துபோய் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கும் பாருங்க, அந்த நடிப்பு இருக்குதே!" அட பாவி. அட படுபாவி. அவள் யாருக்கும் சம்சாரம் இல்லை. யாருமில்லாத காட்டுவழியில் தபால் வண்டி நிற்கிற சத்திரத்தைத் தனியாளாக நடத்துகிறவள். மூன்று பேர் குதிரையில் வருகிறார்கள், தூரத்தில் புழுதி தெரிகிறது. அவள் பயப்படவே இல்லை. கோழிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கூண்டுக்குள் விட்டு, ஒன்று மட்டும் போக்குக் காட்ட, அதன் பின்னால் நடந்து பிடித்து உள்ளே விட்டு, கொக்கியை மாட்டி, மாட்டினது சரிதானா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் கதவுக்குப் பின்னால் போவாள். ஒளிந்துகொள்வதற்கு இல்லையடா, துப்பாக்கி அங்கேதான் மாட்டியிருக்கிறது! போனில் எத்தனை தடவை சொன்னேன் அந்தக் கொக்கியை. கொக்கிதான் படம். அதை விட்டுவிட்டான். தனக்குப் பிடிக்காததை விட்டுவிட்டு, அவளுக்கு ஒரு புருஷனையும் கட்டி வைத்துவிட்டான். மாவுப் பாத்திரத்தில் கையை விட்டுப் பிசைந்துகொண்டே இருந்தேன், கட்டியே இல்லாத மாவை. அந்தப் பெண் கேட்டாள், "ஆன்ட்டியும் உங்க கூடப் படம் பாக்க வருவாங்களா சார்?" அண்ணன் சிரித்தான். "அவளா? அவளுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும். சீரியலப் போட்டுக் குடுத்துட்டாப் போதும், இந்தப் பக்கமே வரமாட்டா." சஹானா சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு அப்போது ஆறுதல்.

மறுபடி கிணத்துக்காரனுக்கே வந்தான். கடைசிச் சண்டையைச் சொல்லாமல் விடுவானா. வெட்டின கிணற்று மேட்டில் அவன் தனியாக நிற்கிறான், தண்ணீரை விற்றுத் தின்கிற பண்ணைக்காரன் எதிரே, ஊர் மொத்தமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே. துப்பாக்கியில் சுற்றிய துணியை மெதுவாகப் பிரிக்கிறான். "இடது கைங்க!" என்றான் அண்ணன். "இடது கையால உருவுவான் பாருங்க, மின்னல் மாதிரி. அந்த இடது கைக்காகவே படத்த எத்தன தடவ வேணா பாக்கலாம்." முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, சத்தமில்லாமல் வயிறு குலுங்கியது. "சார், ஒரு சின்ன டவுட்டுங்க" என்றாள் சஹானா. "போன மாசந்தான் நான் அதைப் பாத்தேன். அவரு வலது கைலதானுங்களே எடுப்பாரு?" "இல்லீங்க அம்மிணி, இடதுதான். நான் முன்பக்கம் சேர் போட்டு உக்காந்து என்ற கண்ணால பாத்தவன்." முன்பக்கம் உட்கார்ந்தவனுக்கு எங்கேயிருந்து வந்தது இடது கை? சிரிப்பு போய்க் கோபம் மறுபடி ஏறியது, முன்னைவிட அதிகமாக. திருடுகிறவன் என்ன பொருள் என்றாவது திருப்பிப் பார்க்க மாட்டானா? "ஷெல்ஃபுல இருக்குதுங்களே சார், இந்த டிவிடிதானுங்க அது? போட்டுப் பாத்துறலாமா?" நாற்காலி நகர்கிற சத்தம். இரண்டு அலமாரி நிறைய வாங்கி அடுக்கி வைத்திருக்கிறான், அண்ணி இல்லாதபோதெல்லாம் வந்து அதில் தூசி தட்டுகிறவள் நான், எனக்குத் தெரியும் எதையெல்லாம் அவன் தொட்டிருக்கிறான் என்று. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிற சத்தம். அப்புறம் அந்தப் பெண் மெதுவாக, கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகச் சொன்னாள், "சார், இது மேல சுத்தின கவரே இன்னும் பிரிக்கலீங்களே. இதுவும் பிரிக்கல. இதுவும்."

திரைத்துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி. அது வழியாக அண்ணன் தெரிந்தான். அவன் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, டிவிடியைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதே பார்வை. பழைய சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நடுவில் கதை முட்டிக்கொண்டு நின்றதும் அடுப்படியைப் பார்ப்பானே, அதே கண், தொப்பிக்குக் கீழே. என்ன அநியாயம், என் கை தானாக எழுந்துவிட்டது. மாவு வழிகிற கையோடு இரண்டு விரலை நீட்டக்கூடப் போய்விட்டேன். எனக்குத் தெரியும் எப்படிக் காப்பாற்றுவது என்று, அது வேற படம், ரெண்டும் கலந்துபோச்சு, வயசாச்சு பாருங்க என்று சொன்னால் முடிந்தது, அதைக் கையாலேயே என்னால் சொல்ல முடியும், அவனுக்கும் புரியும். அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். நான் பஜ்ஜியை எடுத்துப் போவேன். நல்லா இருக்குதுங் ஆன்ட்டி என்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். கையை இறக்கினேன். வாளித் தண்ணீரில் கழுவப் போனவள் நிறுத்திவிட்டு, குழாயை முழுசாகத் திறந்தேன். தண்ணீர் தொட்டியில் அறைந்துகொண்டு விழுந்தது. நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். அம்மிணி என்று ஒரு குரலும் வரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு துணியை விலக்கி முன்பக்கம் வந்தேன்.

"ரெண்டும் சரிதாங் கண்ணு" என்றேன். "முன்னாடி இருந்து பாத்தா வலது கை. துணிக்குப் பின்னாடி இருந்து பாத்தா இடது கை. காலனில ரெண்டு பக்கமும் ஆளுங்க உக்காந்து பாப்போம்." சஹானா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா சார் முன்பக்கந்தான உக்காந்தேன்னாரு?" "ஆமா, முன்பக்கம் உக்காந்தது அவரு" என்றேன். "படம் பாத்தது நானு." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அம்மிணி, ரெக்கார்ட் ஆகுது" என்றான், கெஞ்சுகிற மாதிரி. "ஆகட்டுங்ண்ணா" என்றேன். சஹானா ஒரு ஸ்டாண்டைத் தூக்கி என் பக்கம் திருப்பி வைத்தாள், விளக்கையும் திருப்பினாள், கண் கூசியது. படத்தில் விழுகிற இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்தான். உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. "அந்தக் கோழிக்காரி யாரோட சம்சாரமும் இல்ல கண்ணு, மொதல்ல அதை எழுதிக்க" என்று ஆரம்பித்தவள், சமையலறையிலிருந்து புகை வருவதைப் பார்த்து நிறுத்தினேன். "எண்ணெ காயுதுங்ண்ணா. போயி அடுப்ப அணைச்சுட்டு வாங்க" என்றேன். "சத்தம் வராம."